இலக்கம் யார் கையில்?

வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் இணையத் தொலைபேசி பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு வரும் என்பதைத்தான். கேள்வியில் பிழையில்லை. ரொறன்ரோவில் பெரிய கொம்பனிகளின் சாதாரண வீட்டு இணைப்புக்கே வரியோடு சேர்த்து மாதம் 40, 50 டொலர் போய்விடும். அதையே வர்த்தக இணைப்பு என்று பதிந்தால் இன்னும் கூடும். இணையத்தின் வழியாகச் சேவை தரும் சிறிய நிறுவனங்களோ இலக்கத்துக்கு மாதம் ஓரிரு டொலரும், பேசும் நிமிடத்துக்கு ஒரு சதம் அளவிலும்தான் வாங்குகின்றன. மாதம் 300 நிமிடம் பேசினாலும் 911 கட்டணத்தையும் சேர்த்து ஆறேழு டொலரில் கணக்கு முடிந்துவிடும். ஸ்காபரோவின் நிலக்கீழ் அறைகளில் பலகாரம் சுடுகிறவர், சட்டை தைக்கிறவர், வருமான வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கிறவர் எவருக்கும் இந்தக் கணக்கு இனிக்கத்தான் செய்யும். இந்த இணைப்புகளைப் பொருத்திக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த இனிப்பின் மேல் ஒரு சந்தேகம் உண்டு. மிச்சப்படும் காசு இந்தச் சேவையின் ஆகச் சிறிய பயன். தொலைபேசி இலக்கம் கம்பியை விட்டு விடுபட்டு வந்ததில்தான் பெரிய பயன் இருக்கிறது. அதைப் புரிந்து வாங்குகிறவருக்கு மலிவுச் சேவை நல்லதொரு முதல். புரியாமல் வாங்குகிறவர், மாதம் 40 டொலர் மிச்சம் பிடிக்கப் போய், பத்து வருடமாக வாடிக்கையாளரிடம் புழங்கிய இலக்கத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்.

எங்கள் ஆட்களுக்கு இணையத் தொலைபேசி அறிமுகமான விதமே இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் அடுத்த பத்து வருடமும் தமிழ்க் கடைகளின் காசு மேசைக்குப் பின்னால் தொங்கிய தொலைபேசி அட்டைகளை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து டொலர் அட்டை, சுரண்டினால் தெரியும் நீண்ட இரகசிய எண், இத்தனை நிமிடம் என்ற வாக்குறுதி, பேசி முடிக்கும்போது கிடைத்திருப்பது அதில் பாதி. அந்த அட்டைகளில் பல, குரலைச் சிறு துண்டுகளாக்கி இணையத்தில் அனுப்பி மறுமுனையில் சேர்த்துக் கொடுத்தவைதான். 1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் கணினியிலிருந்து கணினிக்குப் பேசும் மென்பொருளை வெளியிட்டது. 2003இல் ஸ்கைப் வந்தது. எல்லாமே தூரத்து அழைப்பை மலிவாக்கிய கதைகள் என்பதால், இணையத் தொலைபேசி என்றால் ஊருக்கு மலிவாகப் பேசும் வழி என்றே மனதில் நின்றுவிட்டது. அந்தத் தேவையை இன்று வட்ஸ்அப்பும் வைபரும் காசில்லாமலே தீர்த்துவைக்கின்றன. வீட்டுத் தொழிலுக்கு உதவுவது, அதே காலத்தில் சத்தமில்லாமல் நடந்த இன்னொரு வேலை. சிப் என்ற பொது நெறிமுறையின் முதல் வடிவம் 1999இலும், இன்று புழங்கும் வடிவம் 2002இலும் வெளியாயின. தொலைபேசிக் கருவி ஓரிடத்திலிருந்தும், அதை இணையத்தோடு பொருத்தும் அடாப்டர் பெட்டி இன்னோரிடத்திலிருந்தும், சேவை மூன்றாவது இடத்திலிருந்தும் வரலாம் என்ற நிலையை உண்டாக்கியது அதுதான். ஸ்கைப் இதற்கு நேர்மாறு. மென்பொருள், கணக்கு, இலக்கம் எல்லாம் ஒரே கூரைக்குள். அந்தக் கூரையைப் பிறகு வாங்கிய மைக்ரோசொஃப்ட் 2025 மே 5ஆம் திகதி கதவைச் சாத்தியபோது, ஸ்கைப் இலக்கத்தை விளம்பரத்தில் போட்டிருந்தவர்கள் அவசரமாக வேறிடம் தேட வேண்டியிருந்தது.

இலக்கம் விடுபட்டது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்பித் தொலைபேசியில் இலக்கம் என்பது தொலைபேசி நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரை ஓடும் ஒரு சோடிச் செப்புக் கம்பிக்கு இட்ட பெயர். கம்பி அறுந்தால் திருத்தும்வரை அந்த இலக்கமும் ஊமை. இணையத் தொலைபேசியில் இலக்கம் நிறுவனத்தின் கணினியில் இருக்கும் ஒரு பதிவு. அது எங்கே ஒலிக்க வேண்டும் என்பதை நீங்கள் எழுதிவைக்கலாம். சமையலறைத் தொலைபேசியிலும் மகளின் கைத்தொலைபேசியிலும் ஒரே நேரத்தில் அடிக்கட்டும், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு குரல்பதிவுக்குப் போகட்டும், வீட்டு இணையம் நின்றால் கணவரின் கைத்தொலைபேசிக்குத் திரும்பட்டும் என்று ஒவ்வொன்றும் ஒரு வரிக் கட்டளை. வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இல்லாத தொழிலுக்கு இலக்கம்தான் பலகை. ‘தமிழர் மத்தியில்’ போன்ற வர்த்தகக் கையேட்டில் ஒருமுறை அச்சான இலக்கம் வருடம் முழுக்க மேசையில் கிடக்கும். கடை கொடுத்த நாட்காட்டியில் அச்சானது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்னும் நீண்ட காலம் இருக்கும். ரொறன்ரோவின் 416 என்ற பகுதிக் குறியீடு 1947இல் வந்தது. அது போதாமல் 2001இல் 647உம் 2013இல் 437உம் சேர்ந்தன. 416இல் தொடங்கும் இலக்கத்தைக் கண்டால் இவர் கனகாலமாகத் தொழில் செய்கிறவர் என்று பார்க்கிறவர் தானாகவே முடிவுகட்டுகிறார். நியாயமில்லாத முடிவுதான். ஆனாலும் அதற்கொரு விலை இருக்கிறது, அந்த விலை மாதாந்தப் பில்லில் வருவதில்லை.

எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது, கனடா முழுக்க எவ்வளவு நேரமும் பேசலாம் என்ற திட்டமும் இருக்கிறது, பிறகு எதற்கு இன்னோர் இலக்கம் என்று கேட்பார்கள். பலமான மறுப்பு இது. தனியாளாக, முன்பதிவில் மட்டும் வேலை எடுக்கிறவருக்கு நானே அந்தப் பதிலைத்தான் சொல்வேன்: ஒன்றும் வாங்காதீர்கள். ஆனால் வீட்டுத் தொழிலில் முக்கால்வாசி தனியாள் தொழில் அல்ல. அம்மா சமைக்கிறார், மகள் ஓடர் எடுக்கிறார், அப்பா கொண்டுபோய்க் கொடுக்கிறார். அம்மாவின் கைத்தொலைபேசி இலக்கத்தை விளம்பரத்தில் போட்டால், கை மாவில் இருக்கும்போது அழைப்பு வீணாகும். அவர் ஆறு கிழமை ஊருக்குப் போனால் தொழிலின் இலக்கமும் அவரோடு விமானம் ஏறிவிடும். இன்னுமொரு சிக்கல் இருக்கிறது. வங்கி, வரித் திணைக்களம், பிள்ளையின் பாடசாலை எல்லாம் அந்த இலக்கத்தில்தான் அவரை அடையாளம் காண்கின்றன. நாளைக்குத் தொழிலைத் தங்கையிடம் ஒப்படைக்க நினைத்தாலும் அந்த இலக்கத்தைக் கொடுக்க முடியாது. ஆகவே இரண்டையும் முதல் நாளே பிரித்துவிடுவது நல்லது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: இணையத் தொலைபேசி இலக்கத்தை வங்கியின் இரகசியக் குறியீடு பெறுவதற்குக் கொடுக்கக் கூடாது. பல வங்கிகளின் குறுஞ்செய்தி அதற்கு வந்து சேராது. வட்ஸ்அப் பிஸ்னஸ் கணக்குக்கு அந்தத் தடை இல்லை. குறியீட்டைக் குரல் அழைப்பாகவும் அது தரும் என்பதால், கேக் படம் அனுப்புகிறவரும் நேரே பேசுகிறவரும் ஒரே இலக்கத்துக்கு வரலாம். பில் தனியாக வருவதால் வருட முடிவில் எது வீட்டுச் செலவு, எது தொழில் செலவு என்று கணக்காளரோடு இழுபடவும் தேவையில்லை.

அடுத்த மறுப்புக்கு நான் இவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல மாட்டேன். மாதம் ஆறு டொலர் வாங்கும் நிறுவனம் நாளைக்கு இருக்குமா? இல்லாமல் போனதற்குச் சாட்சி உண்டு. அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் சன்றொக்கெற் என்ற நிறுவனம் ஆண்டுக்கு 199 டொலரை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு எவ்வளவும் பேசலாம் என்று விற்றது. 2007 ஜூலை 16ஆம் திகதி அது முன்னறிவித்தல் இல்லாமல் நின்றபோது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். கட்டிய காசு போனது ஒரு பக்கம், இலக்கத்தை வேறு நிறுவனத்துக்கு எப்படி எடுப்பது என்ற திண்டாட்டம் இன்னொரு பக்கம். கனடாவில் சிறு தொழில்கள் பரவலாகப் பயன்படுத்தும் மொன்றியலின் வொய்ப்.எம்.எஸ். நிறுவனத்தை 2021 செப்ரெம்பரில் கப்பம் கேட்டுத் தாக்கினார்கள். பொய்க் கோரிக்கைகளால் கணினிகளை நிரப்பிவிட, ஒரு கிழமைக்கு மேல் சேவை தள்ளாடியது. இந்த இரண்டும் என் வாதத்துக்கு எதிரான சாட்சிகளே. ஆனால் அதற்காகப் பெரிய கொம்பனியிடமே எல்லாவற்றையும் வைத்திருப்போம் என்று முடிவெடுக்க முன்னர் 2022 ஜூலை 8ஐயும் நினைக்க வேண்டும். அன்று அதிகாலை ரொஜர்ஸின் வலையமைப்பு முழுதாக விழுந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கைத்தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி, இணையம் மூன்றும் ஒன்றாகப் போயின. வங்கி அட்டை வலையமைப்பான இன்ரராக் முடங்கியதால் கடையில் காசட்டை வேலை செய்யவில்லை. பலரால் 911ஐக்கூட அழைக்க முடியவில்லை. மூன்றையும் ஒரே கொம்பனியில் எடுத்தால் கழிவு தருகிறார்கள் என்று சேர்த்துக் கட்டியவர்களுக்குத்தான் அன்று அடி பலமாக விழுந்தது. இணையம் ஒரு நிறுவனத்திலும், கைத்தொலைபேசி வேறொரு வலையமைப்பிலும், தொழில் இலக்கம் மூன்றாவது இடத்திலும் இருந்திருந்தால், வீட்டு இணையம் விழுந்த நிமிடமே அழைப்புகள் கைத்தொலைபேசிக்குத் திரும்பியிருக்கும். பெரியதும் விழும், சிறியதும் விழும். பிரித்து வைத்திருப்பவரிடம் ஒன்று விழும்போது மற்றது மிஞ்சுகிறது. ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்லும் சலுகைகளிலிருந்து விலகி நிற்கச் சொல்வதும் இதனால்தான். மாதாமாதம் கட்டுகிறவர் எந்த மாதமும் எழுந்து போகலாம்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் 2003 ஓகஸ்ட் 14 நினைவிருக்கும். வடகிழக்கு அமெரிக்காவும் ஒன்ராறியோவும் இருண்ட அன்று, சுவரில் நேரே குத்திய பழைய தொலைபேசிகள் பேசின, ஏனென்றால் அவற்றுக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் மின்கலங்களிலிருந்து செப்புக் கம்பியிலேயே வந்தது. அந்த நன்மையை இணையத் தொலைபேசி இழந்தது உண்மை. ஆனால் அதைப் பெரிய கொம்பனிகளின் புதிய இணைப்புகளும் இழந்துவிட்டன. கேபிள் வழியாகவோ கண்ணாடி இழை வழியாகவோ வரும் வீட்டுத் தொலைபேசி, வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெட்டி ஒன்றை நம்பித்தான் இருக்கிறது. 2013 டிசெம்பர் பனிமழையில் ரொறன்ரோ ஹைட்ரோவின் மூன்று இலட்சம் வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தார்கள், சிலர் நாட்கணக்காக. அப்படி நீளும் இருட்டுக்கு, மொடத்துக்கும் அடாப்டருக்கும் மின்சாரம் கொடுக்க வைக்கும் சிறிய யூ.பி.எஸ். பெட்டியும் பதிலாகாது. கைத்தொலைபேசிக்குத் திருப்பும் ஏற்பாடுதான் பதில்.

911 விடயத்தில் மட்டும் நான் சமரசம் செய்வதில்லை. கம்பித் தொலைபேசியில் அழைத்தால் முகவரி தானாகவே தெரியும். இணையத் தொலைபேசியில், நீங்கள் பதிந்துவைத்த முகவரிதான் 911 நிலையத்துக்குத் தெரிந்த முகவரி. உலகில் எங்கும் கொண்டுபோகக்கூடிய சேவை என்றால், அழைப்பு முதலில் ஓர் இடைநிலையத்துக்குப் போய், அவர்கள் விசாரித்த பிறகே உரிய இடத்துக்குத் தொடுக்கப்படும். இணையத் தொலைபேசி நிறுவனங்களும் 911 சேவை தர வேண்டும் என்று கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.ரி.சி. 2005இலேயே உத்தரவிட்டது. அப்படியிருந்தும் 2008 ஏப்ரலில் கல்கரியில் ஒரு குழந்தைக்காக அழைத்தபோது, அந்தக் குடும்பம் முன்னர் இருந்த மிசிசாகா முகவரிக்கு அம்புலன்ஸ் அனுப்பப்பட்டது. குழந்தை இறந்தது. வீடு மாறுகிற அன்றே இணையத்தளத்தில் முகவரியை மாற்ற வேண்டும். 911 கட்டணமான ஓரிரு டொலரை வெட்டினால் பில் இன்னும் குறையும் என்று கேட்கிறவருக்கு, இணைப்பே கொடுக்காமல் விடலாம் என்பது என் கருத்து. அவசரத்துக்குக் கைத்தொலைபேசியிலிருந்து அழைப்பதே மேல் என்பதையும் வீட்டிலுள்ள எல்லாருக்கும், வயதான அம்மம்மா உட்பட, சொல்லிவைக்க வேண்டும்.

குரல் தரம் பற்றி நிறையத் தவறான நம்பிக்கைகள் உண்டு, இதில் எங்கள் தொழிலின் கைவேலை முழுவதும் அடங்கியிருப்பதால் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். குரல் விட்டுவிட்டுக் கேட்டால் இணைய வேகத்தைக் கூட்டுங்கள் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. சாதாரணத் தொலைபேசித் தரத்தில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 90 கிலோபிற்றுக்கும் குறைவான இடமே வேண்டும். நூற்றுக்கணக்கான மெகாபிற் வாங்கும் வீட்டில் அது ஒரு துளி. சிக்கல் வரிசையில் இருக்கிறது. அடாப்டர் பெட்டி குரலை நொடிக்கு 50 துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. அவை சீரான இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். கேபிள் இணையத்தில் இறங்கும் வேகம் அதிகம், ஏறும் வேகம் மிகக் குறைவு. கல்யாண வீட்டுப் படங்கள் ஆயிரத்தை மகன் மேகக் கணக்குக்கு ஏற்றத் தொடங்கியதும், அவற்றுக்குப் பின்னால் உங்கள் குரல் துண்டுகள் வரிசையில் நிற்கும். நீங்கள் வாடிக்கையாளர் பேசுவதைத் தெளிவாகக் கேட்பீர்கள், அவருக்கு உங்கள் பேச்சு வெட்டுப்பட்டுக் கேட்கும். வாடிக்கையாளர் பொறுமை இழக்கும்வரை உங்களுக்கே தெரியாது. குரலுக்கு முதலிடம் கொடு என்று ரூட்டரில் எழுதிவைத்தால் இதில் பெரும்பகுதி தீரும். மேல்மாடியிலுள்ள ரூட்டரிலிருந்து நிலக்கீழ் அறைக்கு வைஃபையில் வராமல் வயர் இழுத்துவிட்டால் மிச்சத்தில் பாதி தீரும். இன்னொன்று, கொம்பனி தரும் ரூட்டர்களில் சிப் ஏ.எல்.ஜி. என்ற வசதி ஒன்று இருக்கும். உதவி செய்ய வைத்தது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் கேட்பது, சில நிமிடத்தில் அறுவது, வெளியிலிருந்து வரும் அழைப்பு அடிக்காமலே போவது போன்ற கோளாறுகளுக்கு அநேகமாக அதுதான் வேர். அதை அணைத்துவிட வேண்டும். இவை எதுவும் மாதாந்தச் செலவில் சேராத வேலைகள், ஒரு பின்னேரத்தில் முடியும். முடிக்காமல் விட்டால் மலிவுச் சேவைக்குக் கெட்ட பெயர்.

இந்தச் சேவையில் திருட்டும் உண்டு. சிப் கணக்குகளின் கடவுச்சொல்லை இரவு பகலாக ஊகித்துக்கொண்டு திரியும் நிரல்கள் இருக்கின்றன. பிடிபட்டால் விடிவதற்குள் விலையுயர்ந்த வெளிநாட்டு இலக்கங்களுக்கு அழைப்புகள் போயிருக்கும். கணக்கில் 20 டொலருக்கு மேல் வைக்காமல், தானாக நிரப்பும் வசதியையும் வெளிநாட்டு அழைப்பையும் அணைத்துவிட்டால் போகக்கூடியது அந்த 20 டொலர்தான். தொலைநகல் இன்னும் தேவைப்படும் வரிக்காரரும் காப்புறுதி முகவரும் அதை இந்த இணைப்பில் முயலாமல் இணையத் தொலைநகல் சேவையைத் தனியே எடுப்பது நல்லது.

இனி இலக்கம். கனடாவில் உங்கள் இலக்கத்தை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு. கைத்தொலைபேசிகளுக்கும் 2007 மார்ச் 14இலிருந்து அது கிடைத்தது. இதைத் தொழிலில் ‘போர்ட்’ பண்ணுவது என்போம். ஆனால் அந்த உரிமை கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். இங்கே என் தொழில்காரரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இணைப்பைப் பொருத்தித் தருகிறவர்களில் சிலர் இருபது வீட்டு இலக்கங்களையும் தங்கள் ஒரே கணக்குக்குள் வைத்திருப்பார்கள். பராமரிக்கச் சுலபம், வாடிக்கையாளருக்கும் தலையிடியில்லை என்று காரணம் சொல்வார்கள். அவரோடு மனத்தாங்கல் வந்தாலோ அவர் தொழிலை விட்டுப் போனாலோ, நிறுவனத்தின் கண்ணில் அந்த இலக்கம் அவருடையது. இதை நான் ஏற்பதில்லை. கணக்கு தொழில் செய்கிறவரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் திறக்கப்பட வேண்டும், பொருத்துகிறவருக்குத் தேவையானால் உள்ளே வர ஒரு துணைக் கடவுச்சொல் கொடுத்தால் போதும். இலக்கத்தை எடுக்கும்போது பழைய பில்லிலுள்ள பெயர், முகவரி, கணக்கு இலக்கம் மூன்றும் எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். புதிய இடத்தில் இலக்கம் வந்து சேரும்வரை பழைய இணைப்பை வெட்டச் சொல்லக் கூடாது, வெட்டிய இலக்கம் திரும்பி வருவது கடினம். பழைய கம்பியிலேயே இணையமும் வருகிறதென்றால், இலக்கத்தை எடுக்கும்போது அதுவும் நிற்கலாம் என்பதால் அதை முதலில் பிரிக்க வேண்டும். வரிக்காரர் ஏப்ரல் 30க்கு முந்திய கிழமைகளிலும் பலகாரக்காரர் தீபாவளிக்கு முந்திய கிழமைகளிலும் இதில் கைவைக்க வேண்டாம். அதற்கெல்லாம் முன்னர், இன்று இரவு பழைய பில் ஒன்றைத் தேடி எடுத்து அதிலுள்ள பெயரைப் பாருங்கள். பல வீடுகளில் அது தொழில் செய்கிறவரின் பெயராக இருப்பதில்லை.